புள்ளிக்கோட்டுக்கு உள்ளே

மனைவி இறந்த ஒன்பதாம் நாள் காலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் வீட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு புள்ளிக்கோடு அச்சாகியிருந்தது. வாசற்படிக்கு வெளியே ஆரம்பித்து, குழாயடியைத் தாண்டி, பின்சுவரை ஒட்டிப் போய், ஆரம்பித்த இடத்திலேயே முடிந்தது. ஒரு மூலையில் கத்தரிக்கோல் படம்கூட இருந்தது. பால்காரர், தபால்காரர், பூனை எல்லோரும் அதைத் தாண்டிப் போய்வந்தார்கள். அவன் கால் வைத்தால் மட்டும் பாதம் அட்டைபோல மேல்நோக்கி மடங்கியது. வலிக்கவில்லை.

கோடு அவனுக்குப் பழக்கமானதுதான். நாற்பது வருடங்களுக்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனி தன் பெட்டிகளின் முதுகில் கால்பந்து வீரர்களை அச்சடித்தது. மொத்தம் இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவரைச் சுற்றியும் இருந்த புள்ளிக்கோட்டில் வெட்டிச் சேர்க்கச் சொல்லியிருந்ததால் ஊரே வெட்டியது. அதனாலேயே வெட்டாத பெட்டிக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மரியாதை. அவனிடம் இருபத்தொன்று இருந்தன, எல்லாம் முழுசாக. கிடைக்காத ஒரே ஆள் கோல்கீப்பர். கல்யாணமான முதல் வருடம் மனைவி அந்தப் பெட்டியை ஒரு பழைய மளிகைக்கடைப் பரணில் கண்டுபிடித்தாள். நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து வெட்டியெடுத்து, அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். அவன் முகம் செத்துப்போனதைப் பார்த்து, “கோட்டுல வெட்டுன்னுதானே போட்டிருக்கு? ஒரு இடத்துலகூட நான் கோணலா வெட்டலியே!” என்றாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அட்டையைச் செருப்புப் பெட்டியில் போட்டான். யார் கேட்டாலும் இருபத்தொன்று என்றே சொன்னான், அவள் பக்கத்தில் நிற்கும்போதும்.

இப்போது வீட்டைச் சுற்றிய புள்ளிக்கோட்டை உள்ளேயிருந்து வெட்டிப் பார்த்தான், கத்தி வழுக்கியது. வெளியே அவன் அக்கா அரிவாள்மனை வரைக்கும் முயன்றாள். “சாக்குச் சொல்லாதடா, குளிச்சிட்டுக் கடையைத் திற” என்று திட்டவும் செய்தாள். அவனைப்போலவே அட்டை சேர்க்கும் நண்பர் வந்து, கோட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “யாரையும் வெட்ட விட்டுடாதப்பா. அருமையான நிலையில இருக்கே” என்றார். கடை மூடியே கிடந்தது. ஒரு வருடம் போவதற்குள் அவன் அட்டைபோலத் தட்டையாகி, பக்கவாட்டில் திரும்பினால் அக்காவுக்கு அவனைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிட்டது.

அடுத்த பிறந்தநாளில் செருப்புப் பெட்டியைத் திறந்தான். லென்ஸ் சோதிக்கும் பூதக்கண்ணாடியை வைத்து அட்டையின் நான்கு ஓரங்களையும் மெதுவாகப் பார்த்தான். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. “கோணலே இல்லடி” என்று சத்தமாகச் சொன்னான். அட்டையை மற்ற இருபத்தொன்றோடு அலமாரியில் வைத்தான்.

மறுநாள் அட்டையில் புல்லும் கோல் கம்பமும் மட்டுமே இருந்தன. கோல்கீப்பர் வாசலில் மண்டியிட்டு, கையுறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதே சின்னக் கத்தரிக்கோலால் கோட்டை வெட்டிக்கொண்டிருந்தார். மூலைகளில் அவளைப்போலவே நிதானித்தார். மதியம் ஆனது. அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

அன்றே அவன் கடையைத் திறந்தான். காற்று அடித்தால் வீட்டின் ஒரு மூலை லேசாகத் தூக்கும், செங்கல் வைத்திருக்கிறார்கள். நண்பர் வந்து எத்தனை இருக்கிறது என்று கேட்டபோது இருபத்திரண்டு என்றான். அவர் கடைசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஆளே இல்லியே?”

“வெளிய போயிருக்காரு” என்றான்.