எங்கள் மாடி வெயில்

எங்கள் காலனிச் சமுதாயக்கூடத்து மாடியில் சோலார் பேனல் போட்டதற்கு எங்கள் மேல் இருந்த பாசம் காரணமில்லை. ஊருக்குள் எந்த மாடியைப் பார்த்தாலும் தென்னை நிழல். எங்களுக்குத் தோப்பும் இல்லை, நிழலும் இல்லை. வெயில் மட்டும் தாராளம். அதனால் பேனல் எங்கள் தலைக்கு மேல், வயர் மட்டும் ஊருக்குள். எங்களுக்கு எப்போது என்று கேட்டால், "ரெண்டாம் கட்டத்துலங்க" என்றார் ஊராட்சித் தலைவர் வெள்ளியங்கிரி. ரோடு, குழாய், பஸ் எல்லாமே எங்களுக்கு இரண்டாம் கட்டம்தான். முதல் கட்டம் முடிந்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் பேனலைக் கழுவ மட்டும் நாங்கள் வேண்டும். சூலூர்ப் பக்கம் தறி ஓடாத தெரு இல்லை. பறக்கிற பஞ்சுத் தூசி கண்ணாடியில் அப்பிக்கொண்டால் கரண்ட் குறைந்துவிடும். சனிக்கிழமை தவறாமல் நானும் பக்கத்து வீட்டு மயிலாத்தாளும் குடமும் துடைப்பமுமாக மாடி ஏறுவோம்.

அதே பஞ்சுதான் என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்துவின் நெஞ்சிலும் அப்பியிருக்கிறது. மில்லில் இருபத்திரண்டு வருஷம். இப்போது ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. போன புதன்கிழமை மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. உதடு நீலமாகிவிட்டது; ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எங்கள் வீட்டுக்கும் சமுதாயக்கூடத்துக்கும் இருபது அடி. அங்கே பேட்டரி நிறையக் கரண்ட்.

அந்தச் சனிக்கிழமை குடத்தைத் தொடவில்லை. தறியில் கழித்த காடாத் துணியைச் சுருள் சுருளாகத் தூக்கிக்கொண்டு ஏறினோம். பேனல் அத்தனையையும் போர்த்தி, ஓரத்தில் செங்கல் வைத்தோம்.

பேனல் கொடுத்த கம்பெனிக்காரர்கள் கோவையில் உட்கார்ந்தே போனில் எல்லாம் பார்ப்பார்கள். கரண்ட் குறைந்ததும் தலைவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். பத்து மணிக்குள் அவர் வயர்மேன் திருமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கம் சண்டைக்கும் மரியாதை உண்டு.

"ஏனுங்க அம்மணி, துணிய எடுத்துப்போடுங்க."

"எடுத்துப்போடறோமுங்க. மொதல்ல எங்க ஊடுகளுக்கு வயர இழுத்துப்போடுங்க."

"போலீசுக்குச் சொல்லிப்போடுவேன்."

"சொல்லுங்க. காலனி மாடியில காலனிப் பொம்பளைங்க துணி காயப்போட்டிருக்கறாங்கன்னு சொல்லுங்க."

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். தலைவருக்கு முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து லைன் கரண்ட் போனது. தறிச் சத்தம் நின்றதும், கீழே எங்கள் வாசலிலிருந்து என் வீட்டுக்காரரின் இருமல் கேட்டது.

தலைவர் குரலைத் தணித்தார். "அவரு நெலம எனக்கும் தெரியுமுங்க. உங்க ஊட்டுக்கு மட்டும் இப்பவே இழுத்துத் தாரேன். மத்தவங்க பொறுத்துக்கட்டும்."

பொய் சொல்வானேன், எனக்கு ஆசை வந்தது. சரி என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வாங்கிக்க சூசை, அண்ணன் பொழைக்கட்டும்" என்றாள் மயிலாத்தாள் என்னிடம். இத்தனை வாரம் என்னோடு குடம் சுமந்தவள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கீழே இன்னாசிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார்.

"தலைவரே... எனக்கு மட்டும்னா... வேண்டாமுங்க."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. தலைவரின் போன் மறுபடியும் அடித்தது. கோவைதான். அவர் எடுக்கவில்லை.

"எத்தன ஊடு?" என்றார்.

"நாப்பத்திரண்டுங்க" என்றேன்.

"கையில இருக்கற வயரு பத்தாதுங்களே" என்றான் திருமூர்த்தி.

"இருக்கறத அண்ணன் ஊட்டுக்கு இழுங்க, மொதல்ல" என்றாள் மயிலாத்தாள்.

"மிச்சத்துக்கு வாங்கிட்டு வாங்க" என்றேன் நான். "கடைசி ஊட்டுல லைட் எரியட்டும். அப்பறந்தானுங்க துணிய எடுப்போம்."