பெயர் போகாத பெட்டி

டயாலிசிஸுக்காக ராயப்பேட்டை சென்டருக்கு வந்த ஷாஹுல் ஹமீதை, புக்கிங் ரத்தாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று மாலையே மூச்சுத் திணறி அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ரத்து செய்தது வரவேற்பில் இருந்த இசக்கியம்மாள் என்று கம்ப்யூட்டர் காட்டியது. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நான் வேற ஆளைத்தான் கேன்சல் பண்ணேன்" என்று அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

தி. நகரில் அந்த மென்பொருளை எழுதிய தாரணிக்கு, விஷயம் கேட்டதுமே காரணம் புரிந்துவிட்டது. பட்டியலில் ஒரு நோயாளியைத் தொட்டால், 'ரத்து செய்யவா?' என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அந்தப் பெட்டிக்கு நோயாளி யார் என்பது போகாது. எத்தனையாவது வரி என்பது மட்டும்தான் போகும். பெட்டி திறந்திருக்கும் நேரத்தில் மேலே புதிதாக ஒருவர் சேர்ந்தால் வரிகள் கீழே இறங்கிவிடும். 'ஆமாம்' என்று அழுத்தினால் வேறொருவர் ரத்தாவார்.

இதை அவள் முன்பே சொல்லியிருந்தாள். "டெமோ முடியட்டும்" என்று தள்ளிப்போட்டவர் அவளுடைய டீம் லீட் விஜயராகவன்.

"ரிசப்ஷன்ல இருந்தவங்க தப்புன்னு சென்டருக்கு மெயில் போட்டுட்டேன். நீ கிளறாதே" என்றார் இப்போது.

"அந்தம்மாவுக்கு வேலை போயிடுச்சு சார்!"

"அது அவங்க சென்டர் பிரச்சினை."

தாரணி எழுந்துவிட்டாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராயப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தாள். சென்டர் மேனேஜர் நீரஜாவின் கண் முன்னாலேயே அதே தப்பை நடத்திக் காட்டினாள். நீரஜா உடனே இசக்கியம்மாளுக்குப் போன் செய்து, திரும்ப வரச் சொன்னார்.

வந்தவள் தாரணியைத்தான் முறைத்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. சொன்னேன், கேக்கலை."

"சொல்லிட்டு நீ பாட்டுக்கு வூட்டுக்குப் போய்ட்டே. அந்த பாய் அங்க மூச்சுக்குத் தவிச்சுக்கினு கீறாரு!"

தாரணி லேப்டாப்பைத் திறந்தாள். அங்கேயே உட்கார்ந்து, பெட்டி திறக்கும்போதே நோயாளியின் பெயரும் எண்ணும் அதற்குள் போகும்படி மாற்றி எழுதினாள். நடுவில் விஜயராகவன் அழைத்தார்.

"யாரைக் கேட்டு அங்க போனே?"

"யாரையும் கேக்கலை. அந்த மெயில் பொய்னு நானே எழுதி அனுப்பிட்டேன்" என்று போனை வைத்தாள்.

இசக்கியம்மாள் பையை எடுத்தாள். "வா, அந்த பாயோட பொண்ணு ஆஸ்பத்திரில கீது. அதுகிட்டயும் நீயே சொல்லு."

அந்தப் பெண் வாய்க்கு வந்தபடி திட்டினாள். தாரணி நகராமல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.