அண்ணனுக்குக் காட்டிய அறை

பாப்பா கேமராவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது. அதற்கு மேல் நகர இடமில்லை. கேமராவின் பக்கவாட்டில் திறந்திருந்த தீப்பெட்டி அளவுத் திரையில் கட்டிலில் பாதி தெரிந்தது. இடதுபக்கம் திருப்பினால் பாத்ரூம் கதவு வந்தது, கட்டில் காணாமல் போனது. வலதுபக்கம் திருப்பினால் ஜன்னல் வந்தது, மற்ற எல்லாம் போய்விட்டது.

"இது அறையா அலமாரியா?" என்று அலுத்துக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் அறைன்னுதானே சொல்லிட்டு இருந்தே" என்றார் கணவர். அவளுக்குப் பக்கத்தில், சுவரோரமாக நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டவுன் பஸ் டிரைவர். பெரிய பஸ்ஸை ஒரு விரல் இடைவெளியில் சந்தில் திருப்பிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி காது குடைபவர். "நான் இதுல விழறேனா? எழுந்து போகவா?"

பாப்பா திரையைப் பார்த்தாள். "இல்லைங்க. நீங்க அங்கேயே இருங்க."

முப்பத்தெட்டு வயதாகும் அவளைப் பாப்பா என்று கூப்பிட முதலில் உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தார், அவளுடைய அண்ணன். ஆனால் அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்கும், பல் டாக்டரிடம் அவள் வேலை பார்க்கும் வரவேற்பில் கூட உட்காரும் பெண்ணுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அண்ணன் டைல்ஸ் மேஸ்திரி. இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. வேறு ஊரில், இப்படிப்பட்டவர்களுக்கான ஒரு இல்லத்தில் இருந்தார். மாத முடிவோடு அந்த இடத்தை மூடுகிறார்கள். சொந்தக்காரர் வீடு இருப்பவர்கள் போகலாம். இல்லாதவர்களை ஒரு நாள் பயணத் தூரத்தில், நாற்பது கட்டில் போட்ட ஒரு கூடத்துக்கு அனுப்புவார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

"எங்க வீட்டுக்கு வந்துடுண்ணா" என்று பாப்பா போனில் பத்து முறையாவது சொல்லியிருப்பாள்.

"உன் வீட்டை நான் பார்த்ததே இல்லையே. எங்க என் சக்கர நாற்காலி வண்டி திரும்பும், எங்க இடிக்கும், எதுவும் தெரியாம எப்படி வர்றது? உனக்குத்தான் சீட்டுக் குலுக்கல்ல கேமரா விழுந்துச்சே, அதுல எடுத்து அனுப்பு. பார்த்துட்டுச் சொல்றேன்."

அவள் முதலில் கேட்டது கணவரைத்தான். "வரட்டும். உங்க அண்ணன் எனக்கு யாரு? மச்சான்தானே" என்று சட்டென்று சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் கேமரா காட்டிய பாதிக் கட்டிலை அனுப்பினால் அண்ணன் நிச்சயம் வரமாட்டார். மறுநாள் வேலை முடிந்து ஒரு ஸ்டுடியோவுக்குப் போனாள். ஸ்டுடியோக்காரர் பெட்டியிலிருந்து டம்ளர் மூடி அளவில் தடித்த ஒரு கண்ணாடியை எடுத்தார்.

"வைட் லென்ஸ். உங்க கேமரா மூக்குல திருகி மாட்டிக்கங்க. ரெண்டு நாள்ல கொண்டாந்து கொடுத்தாப் போதும். ஜூமை முழுசா வெளிய விட்டீங்கன்னா நாலு மூலையும் கறுப்படிக்கும், அதனால ஒரு பொட்டு உள்ள தள்ளிக்கணும். ரொம்பத் தள்ளினா மங்கிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேம்மா. இது வீட்டைப் பெரிசாக் காட்டும். பெரிசாக்காது."

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பாப்பாவும் சிரித்து வைத்தாள். அந்த இடத்தில் அவள் சிரித்திருக்கக் கூடாது.

மாட்டிப் பார்த்ததும் அவளுக்கே நம்ப முடியவில்லை. அலமாரி கூடமாகிவிட்டது. கட்டில் எங்கோ தொலைவில் இருந்தது. அதற்கும் பாத்ரூமுக்கும் நடுவே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் போலிருந்தது. இது பொய் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்லப் போவதில்லையே, இருக்கிற அறையைத்தானே எடுக்கிறேன் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். அண்ணன் வந்து சேரட்டும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாற்பது கட்டிலில் ஒரு கட்டிலாக அவர் கிடப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கணவர் அன்றும் அதே நாற்காலியில் அதே பேப்பரோடு இருந்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை.

"அண்ணா, இதுதான் உன் ரூம். இங்கதான் உன் கட்டில். இது ஜன்னல், காலையில நல்லா வெளிச்சம் வரும். இதோ பாரு, பாத்ரூம் எவ்வளவு பக்கம்!" கட்டிலும் கதவும் ஒன்றாகத் தெரியட்டும் என்ற அவசரத்தில் ஜூமை முழுசாக வெளியே விட்டாள். மூலைகள் கொஞ்சம் கறுத்தன. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

ஸ்டுடியோக்காரர் அதை சிடியில் ஏற்றிக் கொடுத்தார். அன்றே தபாலில் சேர்த்தாள்.

இருபத்திரண்டாம் தேதி அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, சிடி பார்த்தேன். நான் வரலை."

"ஏண்ணா?"

"உங்க வீட்டு டைல்ஸ் கோடெல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. எந்த மேஸ்திரியும் குடிச்சுட்டுப் போட்டாக்கூட அப்படிப் போட மாட்டான்" என்று சிரித்தார். "ஏதோ லென்ஸ் மாட்டியிருக்கே, இல்லையா? நான் டைலை எண்ணிட்டேன். ஒரு டைல் ஒரு அடி. பாத்ரூம் கதவு ரெண்டு டைலுக்குக் கொஞ்சம் குறைச்சல். என் வண்டி ரெண்டேகால் அடி."

பாப்பா அழுதுவிட்டாள். "உன்னை ஏமாத்தணும்னு இல்லைண்ணா. நீ வந்துட்டாப் போதும்னு..."

"ஏய், அதுக்கா அழறே? கதவெல்லாம் ஒரு விஷயமா? உளி எடுத்தா அரை நாள் வேலை. உட்கார்ந்த இடத்துலயே நான் செஞ்சுடுவேன்."

"அப்புறம் ஏன் வரலைங்கறே?"

பின்னணியில் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"அதை நீ பெரிய டிவியில போட்டுப் பார்த்தியா?"

"இல்லை. கேமராவுலதான் பார்த்தேன்."

"சரி விடு. பார்க்காதே." போனை வைத்துவிட்டார்.

பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? கேமராவை வயர் போட்டு டிவியில் இணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் குரல் ஆரம்பித்தது. கட்டில் வந்தது, ஜன்னல் வந்தது. பாத்ரூம் எவ்வளவு பக்கம் என்று அவள் குரல் சந்தோஷத்தில் உயர்ந்த இடத்தில் மூலைகள் கறுத்தன. அந்தக் கறுப்புக்கு ஒட்டினாற்போல் ஓரத்தில் ஒரு முகம் இருந்தது. லென்ஸ் அதை அகலமாக இழுத்து வைத்திருந்ததால் யாரென்று புரிய ஒரு நொடி ஆனது. மடியில் பேப்பரோடு அவள் கணவர் பாத்ரூம் கதவைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம்.

பாப்பா மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் அவர் அடித்துக்கொண்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இந்த முகத்தைத் தபாலில் போட்டு, தானே அண்ணனுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். அவர் பார்த்தார்.

"நான் இதுல விழ மாட்டேன்னுதானே நீ சொன்னே?"

அதுதான் அவர் முதலில் சொன்னது. பாப்பாவுக்கு இப்போதுதான் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"கதவைப் பார்த்தீங்களே, வண்டி போகாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லை?"

"பார்த்தவுடனே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

மச்சானின் வண்டி கதவிலேயே நின்றுவிடும், அவரே திரும்பிப் போய்விடுவார், அதற்குப் பிறகு யாரும் தன்னை ஒன்றும் சொல்ல முடியாது என்று இருந்துவிட்டார். அது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

பாப்பா கேமராவை எடுத்தாள். லென்ஸ் இரண்டு நாள் முன்பே ஸ்டுடியோவுக்குத் திரும்பிவிட்டது. வெறும் கேமராவில், அந்தச் சின்ன அறையில், அவர் எதிரே சுவரில் முதுகு இடிக்க நின்றால் திரையில் ஒரு முகத்துக்குத்தான் இடம் இருந்தது. ஒதுங்கி உட்கார ஓரமே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணன்கிட்டயே சொல்லுங்க."

"முதல்ல அதை நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. கேமராவுக்கு நேராக நிமிர்ந்தார்.

"மச்சான்" என்றார். "வரட்டும்னு நான் சொன்னது பாப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னது. நாள் முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்து உங்களைத் தூக்கி, குளிப்பாட்டி, எல்லாம் செய்யணும். எனக்கு முதுகு இப்பவே போகுது. ஒரு மாசம் நல்லா பார்த்துப்பேன். அப்புறம் மூஞ்சி காட்ட ஆரம்பிச்சுடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். வராதீங்கன்னு சொல்லலை. வாங்கன்னும் வாயாரச் சொல்ல வரலை." மூக்கை உறிஞ்சினார். "நான் அவ்வளவுதான் மச்சான்."

அவர் பொய் சொல்லியிருந்தால் பாப்பா சண்டை போட்டிருப்பாள். இதற்கு என்ன சண்டை போடுவது என்று தெரியாமல் கேமராவை இறக்கினாள். மறுநாள் காலை அதை சிடியில் ஏற்றி, அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் கணவரே நண்பர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார்.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் போன் அடித்தது. பாப்பா ஓடிவருவதற்குள் கணவர் எடுத்துவிட்டார். "ம்" என்றார். "சரி மச்சான்" என்றார். பிறகு வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பாப்பா கை நீட்டியபோது வைத்துவிட்டார்.

"அந்தக் கூடத்துக்கே போறாராம். நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போற வேன் வருதாம். உண்மையைச் சொன்னியே மாப்பிள்ளை, அது போதும்னாரு."

"என்கிட்ட ஏன் பேசலை? கோபமா?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்ததை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் விஷயம் அவர் நினைத்தபடியே முடிந்துபோயிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"உன் குரலைக் கேட்டா வந்துடுவேன்னு பயமா இருக்காம்" என்றார்.

மணி மூன்றே கால். பாப்பா போனை எடுத்து இல்லத்தின் எண்ணை அழுத்தினாள். கணவர் திரும்பவில்லை, தடுக்கவும் இல்லை. யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள். நாற்காலிச் சக்கரம் தரையில் உருண்டு வரும் சத்தம் கேட்டது.

"அண்ணா" என்றாள்.