பரிவட்டத்துக்கு முந்தின நாள்

என் கொழுந்தன் நம்பிராஜனுக்கு ராஜா வேஷம் கட்ட ஆசை வந்ததைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தேழாம் வருஷம் அது. நாடகத்துக்கு மறுநாள் இலத்தூர்க் கோயிலில் அவன் தலையில் பரிவட்டம் கட்டப்போகிறார்கள். என் வீட்டுக்காரர் ஆவுடைநாயகத்துக்கு இருந்த மரியாதை. போன வருஷச் சாரல் சமயத்தில் குற்றாலத்து அருவியில் விழுந்து அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளையில்லாத வீடு, தம்பிக்குத்தானே வரும்? "பாசி வழுக்கிட்டு மதினி" என்று அவன் அழுதபோது நானும் நம்பித் தொலைத்தேன்.

தென்காசிக் கொட்டகையில் நாடகம். ஜேம்ஸ் ராஜா காலத்து இங்கிலீஷ் சோகக் கதையைத் தமிழில் எழுதியவர் துல்கர்னைன் வாத்தியார். மந்திரி வேஷமும் அவரே. திரை விலகுமுன் சொன்னார்: "அந்தக் காலத்து நாடகத்துல பட்டத்துக்குப் பிறப்பு மட்டும் போதாது. கையில ரத்தக்கறை இருக்கப்படாது. நல்ல ராசாவுக்குத் தன் மனசுதான் முதல் நீதிபதி."

கடைசிக் காட்சியில், அண்ணனைப் பறிகொடுத்த உத்தமத் தம்பி கிரீடம் சூட வேண்டும். நம்பிராஜனுக்கு எழுதிக் கொடுத்த வசனம் போதவில்லை போலும். சொந்தச் சரக்கை அவிழ்த்தான்.

"எங்க அண்ணாச்சி அருவியில விழும்போது எட்டிப் பிடிச்சேனய்யா! உடம்பெல்லாம் தேச்ச எண்ணெய், கை வழுக்கிட்டே!"

சனம் மூக்கைச் சிந்தியது. எனக்கோ அந்த எண்ணெய் உறுத்தியது. குற்றாலம் என்றாலே எண்ணெய்க் குளியல்தான். அந்த வாய்ப்பழக்கத்தில் உளறிவிட்டான், பாவி. அன்றைக்கு இருவரும் போனது என் மாமனாருக்குத் திதி கொடுக்க. திதியன்று என் வீட்டுக்காரர் எண்ணெயைத் தொடவே மாட்டார்.

எழுந்துவிட்டேன்.

"கொழுந்தனாரே! திதி கொடுக்கப் போனவுக உடம்புல எண்ணெய் எப்படி வந்துச்சு? எங்கிட்ட பாசின்னுல்லா சொன்னிய?"

வாத்தியார் கிரீடத்தைப் பிடித்தபடி நின்றார், சூட்டவில்லை. நம்பிராஜன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். முகத்துச் சாயம் வேர்வையில் வழிந்தது.

"இன்னும் நனைஞ்சுகிட்டே நிக்கியளே அண்ணாச்சி," என்றான். "தள்ளினது நான்தான். சொல்லிட்டேம்லா? இனிமே தெனமும் வராதிய."

திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்.

அவனை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவன்மேல்கூடக் கோபம் வரவில்லை, செத்தவர்மேல்தான் வந்தது. ஒரு வருஷமாக விளக்கேற்றி வைத்துக் காத்துக் கிடக்கிறேன். என் கனவில்கூட எட்டிப் பார்க்காத மனிதர், கொன்றவன் வீட்டுக்குத் தினமும் போய் வந்திருக்கிறார்.