வரப்பு ரயில்

பூவரச மரத்தின் தாழ்ந்த கிளையில் செவ்வந்தி பழைய சேலையைத் தூளியாகக் கட்டி, ஒரு தடவை தானே இழுத்துத் தொங்கிப் பார்த்தாள். கிளை தாங்கியது. நடவுக்கு வந்த மலர்க்கொடியின் கைக்குழந்தையை அதில் கிடத்தினாள். கீழே உரச்சாக்குகளை விரித்து மற்ற பிள்ளைகளை உட்கார வைத்தாள். உட்கார வைத்தாள் என்று பேச்சுக்குச் சொல்லலாம், தமிழரசன் எங்கே உட்கார்ந்தான்? மூன்று வயது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடும் நாட்களில் அவன் கால் தரையில் நிற்காது.

போன வருஷம்வரை செவ்வந்தியும் நடவாள்தான். ஆள் ஏற்றிப்போன குட்டியானை வண்டி பாபநாசம் ரோட்டில் கவிழ்ந்து, முட்டியில் தகடு வைத்த பிறகு சேற்றில் கால் ஊன்ற முடியவில்லை. நடவுப் பெண்களின் செட்டை நடத்தும் ராசம்மாள்தான் அவளை வரப்பில் உட்கார வைத்தாள். பிள்ளைக்காரிகள் நிம்மதியாகக் குனிய வேண்டுமானால் மேலே ஒருத்தி வேண்டும். அவளும் ஓர் ஆள், அவளுக்கும் கூலி. மற்ற பண்ணைகளில் யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை. அரசப்பன் கேட்டார்.

நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். சாகுபடி முழுக்கக் காரியக்காரர் அரசப்பன் கையில்.

"நட வந்தவளுக்குத்தான் கூலி. வரப்புல ஒக்காந்து வெளையாடறவளுக்கு எதுக்கு?"

"வெளையாடலீங்க, புள்ளைங்களப் பாத்துக்குறா" என்றாள் ராசம்மாள்.

"முன்னெல்லாம் புள்ளைங்கள வச்சுக்கிட்டு நடலியா? இடுப்புல ஒரு கயித்தப் போட்டு மரத்துல கட்டிட்டு நடல?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிக் கட்டிப்போடப்பட்டு வளர்ந்தவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர். ராசம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கட்டுறதுக்கு அது ஆடா மாடா? அவளுக்குக் கூலி இல்லன்னா புள்ளக்காரி ஒருத்தியும் எறங்க மாட்டா. பறிச்சுப் போட்ட நாத்து வாடட்டும்."

அரசப்பன் வரப்போரம் கட்டுக் கட்டாகக் கிடந்த நாற்று முடிகளைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சரி, ஒண்ணு செய்வோம். சாப்பாட்டு நேரம் தவிர, சாயங்காலம் கரையேறுற வரைக்கும் புள்ளையப் பாக்கப் போறேன்னு ஒருத்தியும் வரப்புல கால் வெக்கக் கூடாது. வெக்கலன்னா இவளும் ஆளு. ஒருத்தி ஏறுனாலும் கெடையாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?" என்றாள் செவ்வந்தி.

"நான் ஏன் மாறுறேன்?" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். காவல் காக்கத்தான்.

செவ்வந்தி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். தென்னங்கீற்றைக் கிழித்து இரண்டு பிள்ளைகளுக்குக் கைக்கடிகாரம் முடைந்து கட்டினாள். கருவேல முள்ளைக் குத்தி ஓலைக் காற்றாடி செய்தாள். காய்ந்த தென்னை மட்டையில் ஒருத்தியை உட்கார வைத்து, மற்றவர்களை இழுக்கச் சொன்னாள். காலித் தண்ணீர் பாட்டிலில் நத்தை ஓடுகளைப் போட்டு மூடினாள். அதைக் குலுக்கக் குலுக்கத் தூளிக்குள் குழந்தை கண்ணை அகல விரித்தது. காசு கொடுத்து வாங்கியது எதுவும் அங்கே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தமிழரசனுக்கு எதுவும் பிடிக்கவில்லை. மட்டையில் இருந்து விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, வயலைப் பார்த்து "அம்மா" என்று ஓலமிட்டான். நடவு வரிசையில் அவன் அம்மா சடாரென்று நிமிர்ந்தாள். அரசப்பனும் நிமிர்ந்தார்.

செவ்வந்தி ஒரு பூவரச இலையைப் பறித்தாள். சுருட்டினாள். நுனியைப் பல்லால் லேசாகக் கடித்து அவன் வாயில் வைத்தாள்.

"ஊதுடா ராசா. பலமா ஊது."

பீப்பீ வாயில் இருக்கும்போது எந்தப் பிள்ளையாலும் அழ முடியாது. இரண்டு முறை காற்றுத்தான் வந்தது. மூன்றாவது முறை எருமைக்கன்று கத்துவதுபோல ஒரு சத்தம் வர, தமிழரசன் திகைத்துப் போய்ச் சிரித்தான். கன்னத்தில் கண்ணீர் அப்படியே நின்றது. வயலில் அவன் அம்மாவும் சிரித்துவிட்டுக் குனிந்தாள்.

பத்து மணிக்கு மேல் கைக்குழந்தை அழுதது. நத்தை ஓடும் எடுபடவில்லை, தாலாட்டும் எடுபடவில்லை. அது பசி. காலையில் பேச்சு பேசிய வேகத்தில் பாலை யாருமே யோசிக்கவில்லை. மலர்க்கொடியின் ரவிக்கை நனைந்துவிட்டது. நாற்றைக் கையில் பிடித்தபடி வரப்பைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள்.

"ஏறாத மலரு! அங்கயே நில்லு. நான் வாரேன்" என்று கத்தினாள் செவ்வந்தி.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம். மற்ற பிள்ளைகளை வாய்க்காலை நம்பியா விட்டுப்போவது? நாற்று முடி கட்ட வைத்திருந்த வைக்கோல் புரி ஒன்று நீளமாகக் கிடந்தது. அதைப் பிள்ளைகள் கையில் வரிசையாகக் கொடுத்தாள்.

"இது ரயிலு. கயித்த விட்டவன் வண்டிய விட்டுட்டான். தமிழரசா, நீதான் எஞ்சின். ஊது!"

வரப்பின்மேல் ரயில் புறப்பட்டது. ஆளுக்கொரு பீப்பீ. செவ்வந்தி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் புரியின் நுனியுமாக, தகடு வைத்த காலை இழுத்து இழுத்துப் பின்னால் நடந்தாள். முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது. மலர்க்கொடி நின்ற இடம் வந்ததும், "பாபநாசம் ஸ்டேஷன்! சிக்னல் விழுற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது" என்றாள். பிள்ளைகள் வரப்பில் அப்படியே உட்கார்ந்தார்கள், கயிற்றை விடாமல்.

பாட்டில் தண்ணீரை ஊற்றி மலர்க்கொடியின் கைகளைக் கழுவிவிட்டாள். முழங்காலுக்குக் கீழே சேற்றில் புதைந்தபடி, வரப்போரம் நின்றவாக்கில் மலர்க்கொடி பால் கொடுத்தாள். ராசம்மாள் சொல்லாமலே பெண்கள் நான்கைந்து பேர் நகர்ந்து, மோட்டார் சைக்கிளுக்கு முதுகைக் காட்டி நெருக்கமாக நின்று நட்டார்கள். குழந்தை குடித்து முடித்ததும் சிக்னல் விழுந்தது. ரயில் ஊதிக்கொண்டே மரத்தடிக்குத் திரும்பியது.

மதியத்துக்குப் பிறகும் அப்படித்தான். பாபநாசம் வண்டி ஒரு நடை மயிலாடுதுறை வரைக்கும்கூடப் போய் வந்தது. சாப்பாட்டு நேரம் தவிர, சாயங்காலம் கரையேறும்வரை வயலில் இறங்கிய ஒருத்தியின் காலும் வரப்பில் படவில்லை. செவ்வந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முட்டி வீங்கியிருந்தது. அதை யாருக்கும் காட்டாமல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அரசப்பன் கூலி கொடுத்தார். அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

"ஏறலதான், நான் இல்லங்கல. நின்னுக்கிட்டுப் பால் குடுத்தாள்ல? அந்த நேரம் வேல நின்னுச்சா இல்லையா? நாளைக்குப் பாப்போம்."

ராசம்மாள் எல்லாருடைய கூலியையும் ஒன்றாகச் சேர்த்தாள். வந்ததை எல்லாருக்கும் சமமாகப் பிரித்தாள், செவ்வந்திக்கும் சேர்த்து. "வேணாங்க்கா" என்றவளின் கையை மடக்கி உள்ளே வைத்தாள்.

"ஒனக்கு இனாமா குடுக்கல, போடி. எம்புள்ள என்ன ஆச்சோன்னு நெனச்சுக்கிட்டே நடாம, நாத்த மட்டும் நெனச்சு இன்னைக்குத்தான் இவளுவோ நட்டாளுவோ."

மறுநாள் காலை பெண்கள் அடுத்த வயலில் இறங்கி, நாற்று முடியை அவிழ்த்துக் கையில் எடுத்திருந்தார்கள். அரசப்பனின் மோட்டார் சைக்கிள் வந்தது. முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு பையன், வெள்ளை பூட்ஸ் போட்டு.

"எம்பேரன். மக தஞ்சாவூர் போயிருக்கா. வீட்டுல ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறான்." பையனைத் தூக்கிச் செவ்வந்தியிடம் நீட்டினார். "நேத்து அதுங்கள வச்சிருந்தியே, அது மாதிரி வச்சுக்க. வாய்க்கா பக்கம் விட்டுராத."

செவ்வந்திக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பையன் என்ன செய்வான் பாவம். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அரசப்பன் விரலை நீட்டி ஆளெண்ணத் தொடங்கினார். வயலின் மேலைக் கோடியில் தொடங்கிய விரல் கீழைக் கோடியில் மலர்க்கொடியோடு நின்றது.

"ம், குனிங்க."

யாரும் குனியவில்லை.

"ஒரு ஆளு கொறையுதுங்க. நல்லாப் பாத்து எண்ணுங்க" என்றாள் ராசம்மாள்.

அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் மலர்க்கொடியில் வந்து நின்றார். வயலில் அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றார்கள், கையில் பிடித்த நாற்றின் வேரிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. வரப்பில் செவ்வந்தியின் தோளில் சாய்ந்து அவர் பேரன் தூங்கத் தொடங்கியிருந்தான்.