வெள்ளைக் குருமா

பொழுது விடியுமுன்பே செங்கம் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளின் கொல்லைப்புறங்களில் கிரைண்டர்கள் ஓடத் தொடங்கிவிடும். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மௌனத்தைத் தேடி வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் மௌனம் முடிந்து கண் திறந்ததும் அவர்களுக்குப் பசிக்குமே, அதற்கு யாராவது இருட்டில் எழுந்து மாவாட்டத்தானே வேண்டும்.

'நீலவாசல்' ரெஸ்டாரண்டின் பின்கட்டில் ஜோதியம்மாள் மல்லாட்டையை முறத்தில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வறுத்த சூடு ஆறுவதற்குள் தேய்த்தால்தான் நிலக்கடலைத் தோல் விடும். உள்ளங்கை எரிந்தது. ஊதி ஊதிப் புடைத்ததில் சிவந்த தோல் பறந்து வந்து புருவத்திலும் கழுத்து வேர்வையிலும் அப்பிக்கொண்டது. இதை ஊறவைத்து, பால் விட்டு, வெண்ணெய் போல அரைத்தெடுக்க வேண்டும். பிறகு இட்லிக்கு, வடைக்கு, சட்னிக்கு. கூடவே வேலை செய்த இருவரை, சீசன் டல்லாக இருக்கிறதென்று முதலாளி நிறுத்திவிட்டார். சீசன் திரும்பி வந்தது, அவர்கள் வரவில்லை. மூன்று பேர் வேலையும் அவளுடைய இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த மல்லாட்டை விழுது இருக்கிறதே, இது மெனு அட்டையில் முந்திரி என்ற பெயரில் இருக்கும். 'முந்திரி வெள்ளைக் குருமா', கடையின் பேர் சொல்லும் பதார்த்தம். முந்திரி விலை ஏறியதும் முதலாளி சோமசேகரன் அடுப்படிக்கு வந்து, "நைஸா அரைச்சா எவனுக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாசாமி மாஸ்டர் ஒரு வாரம் முணுமுணுத்தார். அப்புறம் அவருக்கும் பழகிவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கூட்டம் தாங்கவில்லை. பரிமாற இருந்தவள் ஓவியா ஒருத்திதான். கல்யாணமாகி ஒரு வருஷம். மாமியாரிடம் மன்றாடி வேலைக்கு வருகிறவள். ஆறாவது டேபிளில் சென்னையிலிருந்து வந்த கணவன் மனைவி உட்கார்ந்து வெகுநேரமாகியும் தண்ணீர்கூடப் போகவில்லை. முன்னால் சாப்பிட்டவர்களின் எச்சில் தட்டு அப்படியே கிடந்தது. "இவ்ளோ பெரிய ஹோட்டல்னு பேரு, டேபிள் துடைக்க ஆள் இல்லையா?" என்று அந்த மனிதர் கத்தியது உள்ளே வரை கேட்டது. ஓவியா மன்னிப்புக் கேட்டு, துடைத்து, ஆர்டர் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாஸ்டர், ஆறாவது டேபிளுக்கு வெள்ளைக் குருமா. அந்தம்மாக்கு மல்லாட்டை ஒத்துக்காதாம். இல்லாம குடுங்க."

இந்த ஊர் அடுப்படிகளுக்கு 'இல்லாம' என்பது புதிய சொல்லே அல்ல. ஜைன வீட்டுக்காரர்கள் கிழங்கு இல்லாமல் கேட்பார்கள். கிரிவலம் போகிறவர்கள் வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்பார்கள். வெள்ளை உடுத்திய வெளிநாட்டுக்காரர்கள் எதெதுவோ இல்லாமல் கேட்பார்கள். அடுப்படிக்கு எல்லாம் விரதம்தான். விரதத்துக்கு ஒரு மரியாதை உண்டு: கரண்டியைக் கழுவு, புதுக் கிண்ணம் எடு, மேலே எதையும் தூவாதே. உள்ளே அரைபட்டுப் போனதை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. தெரியாமல் தின்றால் பாவமில்லை, சாமி பொறுத்துக்கொள்ளும்.

மாஸ்டர் அந்த மரியாதையை ஒழுங்காகச் செய்தார். கரண்டியைக் கழுவினார். மேலே தூவுகிற வறுத்த மல்லாட்டையைத் தூவவில்லை. பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜோதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். விழுதே மல்லாட்டைதானே என்று ஒரு நினைப்பு ஓடியது. விரதந்தானே, போகட்டும் என்று இன்னொரு நினைப்பு அதை அமுக்கியது. கால் கடுத்தது. வாயைத் திறக்கக்கூட அலுப்பாக இருந்தது. குனிந்துகொண்டாள்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள் அந்தப் பெண். உதடு தடித்தது, முகமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவளுக்குப் பேச்சு வரவில்லை, மூச்சு விசிலடித்தது. கணவன் அவள் கைப்பையைக் கவிழ்த்து, ஒவ்வாமைக்கான அவசர ஊசியைத் தேடியெடுத்துப் புடவையோடு சேர்த்துத் தொடையில் குத்தினார். நாற்காலி விழுந்த சத்தத்தில் ஜோதியம்மாள் ஓடி வந்து பார்த்தபோது, ஓவியாவும் பாத்திரம் கழுவுகிற நடராஜும் அந்தப் பெண்ணைத் தாங்கி காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நீலம் பாரித்த முகத்தை அவள் பார்த்துவிட்டாள். விரதம் முறிந்தால் முகம் அப்படி ஆகாது.

மூன்று மணிக்கெல்லாம் சோமசேகரன் வந்துவிட்டார். எல்லோரையும் அடுப்படியில் நிற்க வைத்தார். அவருக்குக் குரல் உயர்த்திப் பேசும் வழக்கமே இல்லை.

"அந்தம்மா ஐசியூல இருக்காங்க. உயிருக்கு ஆபத்து இல்லைன்னு சொல்றாங்க. நாமளும் பதறக் கூடாது. மெனுல என்ன போட்டிருக்கு? முந்திரி. அப்போ நாம போட்டது முந்திரி. கஸ்டமர் சொன்னதை ஓவியா கிச்சன்ல சொல்லல. தூவுற மல்லாட்டை விழுந்திருச்சு. அவ்ளோதான்."

ஓவியா ஓர் அடி முன்னால் வந்தாள். "சார், நான் சொன்னேன் சார். மாஸ்டர் கேட்டாரு."

"உன் நல்லதுக்குதான்மா சொல்றேன். ஸாரி கேட்டுட்டு வேலைய விட்டு நின்னுக்கோ. கேஸு கீஸுனு போகாம நான் பாத்துக்கறேன்."

"இந்தப் பேரோட வெளிய போனா இந்த ரோட்டுல எவன் சார் என்னைச் சேர்ப்பான்?"

அவர் ஜோதியம்மாளைப் பார்த்தார். "ஜோதியம்மா, மீதி விழுதைச் சாக்கடையில ஊத்திட்டு ஏனத்தைக் கழுவிடுங்க. வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குப் பிரச்சினை? தங்க இடம் குடுத்திருக்கேன், நிம்மதியா இருங்க."

அவள் தங்கியிருந்த தகரக் கொட்டகை கடைக்குப் பின்னால் அவருடைய மனையில்தான் இருந்தது. அதை அவர் நினைவூட்டத் தேவையே இல்லை. தினமும் அதில்தான் அவள் படுத்து எழுகிறாள்.

மீதி விழுது இருந்த தூக்குச்சட்டியோடு சாக்கடையோரம் போய் நின்றாள். குனியப் போனவள் குனியவில்லை. கையிலிருப்பது விடியலில் அவள் தேய்த்துத் தேய்த்து எரிந்த உள்ளங்கையின் வேலை. ஓவியா சொன்னாள், சொன்னதை இவள் காதாலேயே கேட்டாள். பொய் சொன்னது மெனு, பேசாமல் இருந்தது இவள். இதில் பழி மட்டும் ஓவியா தலையிலா? அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சென்னைப் பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தார். சண்டை போடுகிற தெம்புகூட அவரிடம் இல்லை.

"குருமால என்னென்ன போட்டீங்கன்னு டாக்டர் கேக்குறார்."

"முந்திரி சார், ப்யூர் முந்திரி" என்றார் சோமசேகரன். "மேல கொஞ்சம் நிலக்கடலை தவறி விழுந்திருக்கு. சப்ளை பண்ண பொண்ணை நிறுத்திட்டோம்."

"மேல கடலையே இல்லியே. நான் பாத்துதான் சாப்பிடச் சொன்னேன்." அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ முந்திரியும் அவளுக்கு ஆகாதா? இனிமே எதைத்தான் நம்பிக் குடுப்பேன்?"

ஜோதியம்மாள் தூக்கைக் கொண்டுவந்து ஆறாவது டேபிளின் மேல் வைத்தாள். வாடிக்கையாளரிடம் நேருக்கு நேர் பேச அவள் வந்ததே இதுதான் முதல் தடவை.

"முந்திரி இல்லீங்க. மொத்தமும் மல்லாட்டை. நான்தான் அரைச்சேன். இந்தப் பொண்ணு சொல்லுச்சு, நான் கேட்டேன். விரதம்னு நெனச்சு கம்முனு இருந்துட்டேன். தப்பு என்னுது. இவளுது இல்ல."

"ஜோதியம்மா, உள்ள போங்க."

"போறேன் சார். சொல்லிட்டுப் போறேன்."

உள்ளே அடுப்பு ஒவ்வொன்றாக அணையும் சத்தம் கேட்டது. அப்பாசாமி மாஸ்டர் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஊத்துனது நான். மல்லாட்டை போடச் சொன்னது நீங்க சார். ஆள் கம்மி, யாரு இன்னா சொன்னாங்கனு நின்னு கேக்க நேரமில்லனு எத்தினி வாட்டி சொன்னோம்?" நடராஜும் ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றான்.

அந்த மனிதர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவர் மன்னித்தார் என்று சொல்ல முடியாது. "உங்களால அவ செத்திருப்பா" என்றார். தூக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்.

சோமசேகரன் சிரித்தார். "சரி. நாலு பேரும் வெளிய போங்க. நாளைக்கே வேற ஆள் வரும். கொட்டகைய காலி பண்ணிடுங்க ஜோதியம்மா."

"நிறுத்தின ரெண்டு பேரையும் கூப்பிடணும்" என்றார் மாஸ்டர். "மெனுல இருக்கறதுதான் சட்டில இருக்கணும். ஓவியா மேல பழி கூடாது. அதுவரைக்கும் அடுப்பு எரியாது. காலைல வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் போறோம், லேபர் ஆபீசருக்கு மனு குடுக்க."

இரவு ஓவியா வீட்டில்தான் படுத்தாள் ஜோதியம்மாள். ஓவியாவின் மாமியார் பாயை விரித்து, சோற்றை வைத்தாள். ஆனால் பழக்கம் விடுமா? இருட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது. உடம்பு கிரைண்டரைத் தேடியது. இருவரும் நடந்து 'நீலவாசல்' வாசலுக்கு வந்தபோது மாஸ்டரும் நடராஜும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் தூக்கமில்லை. மலை மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. கடை பூட்டியிருந்தது. வேறு ஆளை ஏற்றிக்கொண்டு எந்த நேரமும் ஓர் ஆட்டோ வரலாம். கலெக்டர் ஆபீஸில் மனுவை வாங்கி ஒரு மூலையில் போடலாம். ஒன்றும் கைக்கு வந்துவிடவில்லை.

ரோடு முழுக்க மற்றக் கடைகளின் கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்க் கடைக் கிரைண்டர் மட்டும் திடீரென்று நின்றது. அங்கே மாவாட்டும் காமேஸ்வரி, கையில் மாவு வழிய, ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"இன்னாடி, அரைச்சு முடிச்சிட்டியா?" என்றாள் ஜோதியம்மாள்.

"பாதிதான்க்கா. எங்க கடைலயும் முந்திரினுதான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.