துரையின் டோப்பாவும் பச்சரிசியும்

ஒல்லாந்தர் கோட்டையில் துரை தலையில் மாட்டிக்கொள்ளும் வெள்ளை முடி டோப்பா காணாமல் போனது. அன்று அங்கே மீன் கொண்டுபோனவன் எங்கள் குப்பத்து வரதன். திருடியது அவன்தான் என்று உறுதியானால் தோணியைப் பிடுங்கிவிடுவார்களாம்.

துரைக்கு நம் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சீனிவாசன் ஒரு சோதனை சொன்னார். பொய் சொல்பவனுக்குப் பயத்தில் வாய் உலர்ந்துவிடும், பச்சரிசியை மென்று துப்பினால் மாவாகவே விழும் என்றார். துரை பூரித்துப்போனார். வரதன் பெண்டாட்டி செல்வம்மாளே ஓடிப்போய் அரிசி கொண்டுவந்தாள். நெத்திலிக் கருவாட்டுப் பானையில் கிடந்த அரிசி அது. வாசம் வீசியதுமே சுற்றி நின்ற எங்களுக்கெல்லாம் வாய் ஊறியது.

வரதன் மென்றான். எச்சில் ஒழுகக் கூழாகத் துப்பினான்.

"தொரையும் மென்னு காட்டட்டும்னு சொல்லு சாமி!" என்றாள் செல்வம்மாள் துபாஷியிடம். கூட்டம் குதித்தது.

துரை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டார். நாற்றத்தில் முகம் சிவந்து துப்பியபோது வெள்ளை மாவு புகையாகப் பறந்தது.

"இன்னா தொரை, ஒன் டோப்பாவ நீயே திருடிக்கினியா?" என்று யாரோ கத்த, துபாஷி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. தோணி பிழைத்தது.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. சாயங்காலம் நெருப்பு வாங்க செல்வம்மாள் வீட்டுக்குப் போனேன், அவ்வளவுதான். மூலையில் அவள் கோழி, சுருள் சுருளான வெள்ளை மெத்தையில் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா பாக்கற?"

"ஒன்னுமில்லடி. குஞ்சு பொரிச்சா எனக்கு ரெண்டு குடு."